மாருதி 800-இன் கிரில், பம்பர், கண்ணாடிக் கவர்: பிளாஸ்டிக்குக் கேடு வராமல் பழைய பெயிண்டை எடுப்பது எப்படி?

உங்கள் கேள்வியின் சாரம் இது. 1992ஆம் ஆண்டு மாருதி 800 ஒன்றை வாங்கி, அதை முதன்முதலில் வந்த தோற்றத்துக்கே கொண்டுவர முயல்கிறீர்கள். முன் கிரில், இரண்டு பம்பர்கள், பக்கக் கண்ணாடிகளின் கவர்கள் ஆகியவற்றில் முந்தைய உரிமையாளர்கள் மாறி மாறிப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். கதவுக்கும் பானெட்டுக்கும் பயன்படுத்திய அதே ரிமூவரைத் தடவிப் பத்து நிமிடம் விட்டால் பிளாஸ்டிக்கிலிருந்தும் கழன்றுவிடும் என்று உங்கள் பெயிண்டர் சொல்கிறார். அதை நம்பலாமா, இல்லையென்றால் வேறு வழி என்ன என்பது கேள்வி.

நம்ப வேண்டாம். உங்கள் பெயிண்டர் தகர வேலையில் கைதேர்ந்தவராக இருக்கலாம். தகரத்தில் அவர் சொல்வது சரியும்கூட. ஆனால் பெயிண்டில் நிறப்பொடியைப் பிடித்துவைத்திருக்கும் ரெசினும் ஒரு வகைப் பிளாஸ்டிக்தான். இரும்புத் தகட்டின் மேல் ரிமூவரை ஊற்றினால் கரைவதற்கு ரெசின் மட்டுமே இருக்கிறது, இரும்புக்கு ஒன்றும் ஆவதில்லை. கிரில்லின் மேல் ஊற்றினால் மேலே இருப்பதும் கரையும், கீழே இருப்பதும் கரையும். எது முதலில் கரையும் என்பதுதான் வேறுபாடு. ஆகவே கையில் எதை எடுப்பதற்கு முன்பும் இரண்டு விஷயங்கள் தெரிந்தாக வேண்டும்: அடியில் இருப்பது எந்தப் பிளாஸ்டிக், மேலே இருப்பது எந்தப் பெயிண்ட்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் நானே ஒருமுறை கெடுத்திருக்கிறேன். நண்பர் ஒருவரின் வண்டியிலிருந்து கழற்றிய கண்ணாடிக் கவரை, பழக்க தோஷத்தில், என்சி தின்னர் (நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டைக் கரைக்கும் திரவம்) நனைத்த பஞ்சால் துடைத்தேன். முதல் துடைப்பில் பஞ்சு சிவப்பாக வந்தது, மகிழ்ந்தேன். இரண்டாவது துடைப்பில் சாம்பல் நிற பிரைமர் வந்தது. மூன்றாவதில் பஞ்சு கருப்பானது. அந்தக் கருப்பு பெயிண்ட் இல்லை, கவரே கரைந்து வந்தது. அதைப் பிடித்திருந்த என் கட்டைவிரலின் ரேகை ஓரத்தில் அப்படியே பதிந்து, தின்னர் ஆவியானதும் இறுகிப்போனது. அந்தக் கவர் இன்றும் என் மேசை டிராயரில் இருக்கிறது.

முதலில் பிளாஸ்டிக்கை அடையாளம் காண்போம். பாகத்தைக் கழற்றி உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே ஆங்கிலச் சுருக்கெழுத்து வார்க்கப்பட்டிருக்கும். ஏபிஎஸ் என்று இருந்தால் கிரில், கண்ணாடிக் கவர், அலங்காரப் பட்டை போன்றவற்றில் மிகுதியாகப் பயன்படும் கடினமான பிளாஸ்டிக். பிபி என்றோ, பிபியுடன் இபிடிஎம் என்ற ரப்பரைச் சேர்த்தோ இருந்தால் பம்பருக்குரிய பாலிபுரொப்பிலீன். அதன் பின்னால் டி20 என்று வந்தால் நூற்றுக்கு இருபது பங்கு டால்க் பொடி கலந்திருக்கிறது என்று பொருள். பிசி என்றால் பாலிகார்பனேட், பிஏ என்றால் நைலான். இந்தக் குறியிடும் முறையை வகுத்த ஐஎஸ்ஓ 11469 என்ற தரநிலை 1993இல்தான் வெளிவந்தது என்பதால், உங்களுடைய வண்டியின் சில பாகங்களில் குறி இல்லாமலும் இருக்கலாம்.

குறி இல்லாவிட்டால், வெளியே தெரியாத உட்புற ஓரத்திலிருந்து நகக்கண் அளவு சீவலை பிளேடால் எடுத்து, சோப்பு ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் போட்டு அமுக்கி விடுங்கள். சுத்தமான பாலிபுரொப்பிலீன் தண்ணீரைவிட லேசானது, மிதக்கும். ஏபிஎஸ் மூழ்கும். ஆனால் டால்க் மிகுதியாகக் கலந்த பாலிபுரொப்பிலீனும் மூழ்கக்கூடும் என்பதால், மிதந்தால் அது பிபி என்று நம்பலாம். மூழ்கினால் ஏபிஎஸ் என்று முடிவுகட்ட முடியாது. அப்போது பிளேடால் சீவும்போது கை உணர்வதைக் கவனியுங்கள்: பாலிபுரொப்பிலீன் மெழுகுபோல் வழுக்கிச் சுருளாக வரும், ஏபிஎஸ் சற்று மொறுமொறுப்பாக வரும். கொளுத்தி முகர்ந்து பார்க்கும் சோதனையைச் சிலர் சொல்வார்கள். அந்தப் புகையை உள்ளிழுக்கும் அளவுக்கு இது முக்கியமான கேள்வி அல்ல. ஐயம் தீரவில்லையென்றால் ஏபிஎஸ் என்றே வைத்துக்கொண்டு நடந்தால் போதும், ஏனெனில் இரண்டில் சீக்கிரம் கெடுவது அதுதான்.

அடுத்தது பெயிண்ட். பாகத்தின் உட்புற விளிம்பில், தெறித்த பெயிண்ட் காய்ந்திருக்கும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, காது குடையும் பஞ்சுக் குச்சியின் நுனியில் மட்டும் தின்னரைத் தொட்டு, பத்து விநாடி வைத்துத் தேய்த்துப் பாருங்கள். நிறம் பஞ்சுக்கு ஏறினால் அது காற்றில் தானாகக் காய்ந்த என்சி லேக்கரோ, டப்பா ஸ்பிரே அக்ரிலிக்கோதான். பஞ்சு வெள்ளையாகவே இருந்தால் ஹார்ட்னர் என்ற இறுக்கியைக் கலந்து அடித்த பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட், அதாவது இரண்டு பொருள்களைக் கலந்து அடிக்கும் டூகே வகை. அல்லது நன்றாக இறுகிய எனாமல். முதல் வகையை மென்மையான திரவத்தால் எடுக்கலாம். இரண்டாவது வகையை அசைக்கக்கூடிய எந்தக் கரைப்பானும் ஏபிஎஸ்ஸை விட்டுவைக்காது. அதைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். ஹார்ட்னர் கலந்தபின் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று வலைபோலப் பின்னிக்கொள்கின்றன. கரைப்பான் அந்த வலையை உப்ப வைக்குமே தவிர எளிதில் பிரிக்காது.

இந்த இடத்தில் என் கருத்து ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எல்லாப் பெயிண்டையும் எடுத்தே ஆக வேண்டும் என்று நிறையப் பேர் பிடிவாதம் பிடிக்கிறார்கள், அது தேவையில்லை. பெயிண்ட் உரியாமல், வெடிக்காமல், உறுதியாக ஒட்டிக்கொண்டிருந்தால், அதைவிட நல்ல அடித்தளத்தை உங்களால் புதிதாகப் போட முடியாது. 400 நம்பர் வாட்டர் பேப்பரால் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் எமரி தாள்) பளபளப்பை மட்டும் போக்கிவிட்டு அதன்மேலேயே அடிக்கலாம். உரிகிறது, பல பூச்சுகள் சேர்ந்து தடித்து மூலை முடுக்குகள் மூடிவிட்டன, அல்லது உங்களைப் போல ஆதியில் பெயிண்டே இல்லாத பாகத்தைத் திரும்பக் காண விரும்புகிறீர்கள் என்றால் மட்டுமே முழுவதும் எடுப்பதில் பொருள் உண்டு.

உங்கள் பம்பரிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அதுதான் எளிது. அவசரப்பட்டால் மிக எளிதாகக் கெடுவதும் அதுதான். அந்தக் காலத்துக் கருப்பு பம்பர்களின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்காது, தோல்போன்ற சிறு மேடுபள்ளங்கள் அச்சிலேயே வார்க்கப்பட்டிருக்கும். அதன்மேல் எமரி தாளை ஒருமுறை வைத்துவிட்டால் மேடுகள் போய்விடும், அவற்றைத் திரும்பக் கொண்டுவர நம் கையில் வழி கிடையாது. நல்லவேளையாக, பாலிபுரொப்பிலீனில் எதுவும் சரியாக ஒட்டுவதில்லை. அதற்கென்று உள்ள பிளாஸ்டிக் பிரைமரை முதலில் அடிக்காமல் வெறும் பெயிண்டை அடித்திருந்தால், அது பிடித்திருப்பதுபோல் தோன்றினாலும் உண்மையில் தோசைக்கல்லில் கிடக்கும் தோசைபோல மேலே கிடக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே பம்பரை வெயிலில் அரை மணி நேரம் வையுங்கள்; சென்னை வெயிலுக்கு அதுவே போதும். மேகமூட்டமாக இருந்தால் தலைமுடி உலர்த்தும் ஹேர் டிரையரைப் பயன்படுத்தலாம். ஏற்கெனவே உரிந்த ஓர் ஓரத்தில், பட்டி போடும் பிளாஸ்டிக் தகட்டையோ காலாவதியான வங்கி அட்டையையோ செருகி, படுக்கைவசமாகத் தள்ளினால் தாள்தாளாக எழும்பும். பள்ளங்களில் தங்கியதை அகலமான துணி டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்து எடுக்கலாம். வாட்டர் சர்வீஸ் கடையில் உள்ள பிரஷர் பம்பும் இதற்கு மிக நன்றாக உதவும். குழாய் முனையை ஓர் அடியாவது தள்ளிப் பிடித்து, சாய்வாக அடிக்கச் சொல்லுங்கள். இத்தனைக்குப் பிறகும் மிஞ்சும் புள்ளிகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த நைலான் பிரஷால் தேய்த்துவிடலாம். பாலிபுரொப்பிலீனை அது ஒன்றும் செய்யாது. பெட்ரோல், மண்ணெண்ணெய், டர்பன்டைன் ஆகியவற்றை இங்கே தவிருங்கள். அவை பெயிண்டைப் பெரிதாக எடுப்பதில்லை, ஆனால் பம்பருக்குள் ஊறி அதை உப்ப வைக்கும்.

ஹீட் கன் வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். அதன் முனையில் வரும் காற்று பல நூறு டிகிரி சூடு. ஏபிஎஸ் ஏறத்தாழ 105 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கிவிடும். மெல்லிய கிரில் பட்டைகள் அதற்கு முன்பே தம் எடையில் தொய்யும். கையால் தொட்டு இரண்டு விநாடி வைத்திருக்க முடிகிற சூடுதான் எல்லை.

இனி கிரில்லும் கண்ணாடிக் கவரும். முதல் வேலை, திருகுகள், கிளிப்புகள், லோகோ, ஸ்பிரிங் எல்லாவற்றையும் கழற்றிவிடுவது. இதைப் பலர் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள், அதற்கான தண்டனை உடனே தெரிவதில்லை. திருகு இறுக்கிய இடத்தில் பிளாஸ்டிக் எப்போதும் இழுவிசையில் இருக்கிறது. அந்த நிலையில் கரைப்பான் பட்டால், கரையாவிட்டாலும், மூலக்கூறுகளுக்கு இடையே புகுந்து முடிபோன்ற விரிசல்களைத் திறந்துவிடும். பெயிண்ட் அடித்து, வண்டியில் மாட்டி, இரண்டு வாரம் கழித்து ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது திருகுத் துளையின் காது தனியாக உடைந்து விழும். பழைய ஏபிஎஸ்ஸுக்கு இந்த அபாயம் கூடுதல், ஏனெனில் வெயிலின் புற ஊதாக் கதிர் அதிலுள்ள ரப்பர் பகுதியான பியூட்டடையீனை முப்பது ஆண்டுகளாக அரித்திருக்கிறது.

பஞ்சுச் சோதனையில் நிறம் ஏறியிருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை முயலலாம். மருந்துக் கடையில் கிடைக்கும் எழுபது சதவீதம் போதாது. பாரிமுனைப் பக்கத்துக் கெமிக்கல் கடைகளிலோ எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலோ தொண்ணூற்றொன்பது சதவீதமாகக் கேட்டு வாங்குங்கள். கிரில் நீளமானது, முழுவதும் மூழ்க வைக்க லிட்டர் கணக்கில் வேண்டும். அதற்குப் பதிலாக, டிஷ்யூ தாளை நனைத்துப் பட்டைகளின் மேல் போர்த்தி, அதன்மேல் சமையலறையில் உணவைச் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை இறுக்கிச் சுற்றி நிழலில் வையுங்கள். படலம் இல்லாவிட்டால் நம் ஊர்ச் சூட்டில் ஐந்து நிமிடத்தில் ஆவியாகிவிடும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மூலையைத் திறந்து பாருங்கள். பெயிண்ட் சுருங்கி, பாலாடைபோல மடிப்பு விழுந்தால் வேலை நடக்கிறது. பழைய பல் பிரஷால் ஒரே திசையில் தேய்த்து எடுக்கலாம். ஒரு மணி நேரத்தில் எந்த மாற்றமும் இல்லையென்றால் நேரத்தை நீட்டிப்பதால் பயனில்லை, தேய்க்கும் முறைக்குப் போய்விடுங்கள்.

தேய்ப்பதைத் தண்ணீர் விட்டே செய்யுங்கள். காரணம் இரண்டு. உலர்வாகத் தேய்த்தால் பிளாஸ்டிக் சூடாகி இளகும். பாலிபுரொப்பிலீனாக இருந்தால் மேற்பரப்பு பூனை முடிபோலச் சிலும்பிக்கொள்ளும், பிறகு அதன்மேல் எது அடித்தாலும் சொரசொரப்பாகத் தெரியும். இரண்டாவது காரணம் உங்கள் நுரையீரல். பழைய மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புப் பெயிண்டுகளில் லெட் குரோமேட் நிறமி பரவலாக இருந்தது. ஈயமும் குரோமியமும் சேர்ந்த நஞ்சு அது. 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்த நம் நாட்டு விதி பெயிண்டில் ஈயத்தை பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தினாலும், அது வீட்டுப் பெயிண்டுக்கும் அலங்காரப் பெயிண்டுக்கும் உரியது. ஈரமாகத் தேய்த்தால் தூசு பறக்காது. இருந்தாலும் அந்த உடையைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.

தாள் விஷயத்தில் கரகரப்பான 80, 100 நம்பர்களை மறந்துவிடுங்கள்; தகரத்தில் அவை விடும் கீறலைப் பட்டி மூடிவிடும், கிரில் பட்டையில் பட்டி போட இடமில்லை. பூச்சு தடிமனாக இருந்தால் 240, இல்லையென்றால் 320இல் தொடங்கி, 400, 600 என்று ஏறுங்கள். தட்டையான இடத்தில் ரப்பர் கட்டையிலும், வளைவில் பழைய செருப்பின் ஸ்பாஞ்சுத் துண்டிலும் தாளைச் சுற்றிக்கொண்டால் விரல் தடம் விழாது. தேயத் தேய ஓரத்தில் வளையம் வளையமாக நிறங்கள் தெரியும்: மேலே இன்றைய வெள்ளை, அடுத்து சாம்பல் பிரைமர், அதற்குக் கீழே யாரோ ஒருவர் ஆசைப்பட்டு அடித்த மெட்டாலிக் நீலம், பிறகு கருப்பு. அந்தக் கருப்பு தலைகாட்டும்போது தாளை 600க்கு மாற்றிக்கொள்ளுங்கள், கையின் அழுத்தத்தையும் பாதியாகக் குறையுங்கள். கிரில்லின் மூலைகளில் தாள் நுழையாது. ஐஸ்கிரீம் குச்சியின் முனையைச் சீவி அதில் தாளை ஒட்டிக்கொள்ளலாம். பொறுமையாகச் செய்தால் ஒரு கிரில்லுக்கு இரண்டு மாலைப்பொழுதுகள் பிடிக்கும்.

குரோம் முலாம் பூசிய பிளாஸ்டிக் ஏதேனும் இருந்தால் அதில் எமரி தாளே கூடாது. அங்கே ஆல்கஹாலும் நகமும் மட்டும். விளக்குக் கண்ணாடிகளில் பெயிண்ட் தெறித்திருந்தால், பின்விளக்குகளில் மிகுதியாகப் பயன்படும் அக்ரிலிக் ஆல்கஹால் பட்டாலே மயிரிழை விரிசல் விடக்கூடியது என்பதால், 2000 நம்பர் தாளைத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாகத் தேய்த்துப் பாலிஷ் போடுவதோடு நிறுத்துங்கள்.

இனி பலர் பரிந்துரைக்கும், நான் பரிந்துரைக்காத சில. பிரேக் ஆயில் பெயிண்டை எடுக்கும் என்பது உண்மை. டாட் 3, டாட் 4 வகைகளில் உள்ள கிளைகால் ஈதர் அதைச் செய்கிறது. பொம்மைக் கார் சேகரிப்பவர்கள் அதில் ஊற வைப்பதைப் பார்த்து நாமும் செய்யத் தோன்றும். ஆனால் அது ஆவியாவதில்லை, மூலைகளில் தங்கும், புதுப் பெயிண்டைக் கீழிருந்து தூக்கும். பாலிகார்பனேட்டை உடைக்கவும் செய்யும். காஸ்டிக் சோடா, அடுப்பு கழுவும் ஸ்பிரே ஆகியவை எனாமலை மெல்ல இளக்கும், ஏபிஎஸ்ஸுக்கும் பிபிக்கும் பெரிய கேடில்லை. ஆனால் கண்ணில் ஒரு துளி தெறித்தால் பார்வைக்கே ஆபத்து, அலுமினியப் பட்டையை அரிக்கும், டூகே பெயிண்டை அசைக்காது. அவ்வளவு ஆபத்தைச் சுமந்து பெறும் பயன் சொற்பம்.

கடைசியாக, உங்கள் பெயிண்டர் சொன்ன ரிமூவர். தகரத்துக்கென விற்கும் பழைய பாணி ரிமூவர்களின் முக்கியப் பொருள் டைகுளோரோமீத்தேன். ஏபிஎஸ், பாலிகார்பனேட், அக்ரிலிக் மூன்றையும் ஒட்டவைக்கும் பசையாகவே தொழிற்சாலைகளில் அது பயன்படுகிறது என்றால் கிரில்லின் கதியை ஊகித்துக்கொள்ளலாம். அதைவிட மோசமானது, மனிதருக்கு அது செய்வது. உள்ளிழுத்த ஆவியை உடல் கார்பன் மோனாக்சைடாக மாற்றுகிறது. காற்றோட்டமில்லாத இடங்களில் வேலை செய்தவர்கள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்கா 2019இல் பொதுமக்களுக்கான ரிமூவர்களில் அதைத் தடை செய்தது. அதன் கொதிநிலை ஏறத்தாழ 40 டிகிரி. மே மாதத்தில் மொட்டை மாடியில் டப்பாவைத் திறந்தால் உள்ளே அழுத்தம் சேர்ந்து முகத்தில் பீய்ச்சி அடிக்கும். வழக்கமான நைட்ரைல் கையுறையை அது சில நிமிடங்களில் ஊடுருவும். தூசு முகக்கவசம் எந்த ஆவியையும் தடுக்காது. பிளாஸ்டிக்குக்கு ஏற்றது என்று குறிப்பிட்டு விற்கும் ரிமூவர்களும் உண்டு. அவற்றையும், சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் இதே மாடலின் உடைந்த கிரில் துண்டு ஒன்றை வாங்கி, அதில் தடவி, ஒரு வாரம் வைத்து வளைத்துப் பார்த்த பிறகே பயன்படுத்துவேன்.

ஆல்கஹாலும் தீப்பற்றக்கூடியது, 12 டிகிரியிலேயே பற்றும் ஆவியை விடும். அடுக்குமாடியில் இருப்பவரானால் சமையலறைக்கும் இன்வெர்ட்டருக்கும் பூஜை விளக்குக்கும் விலகி, திறந்த இடத்தில் செய்யுங்கள். கழித்த பெயிண்ட் கூழைச் சாக்கடையில் ஊற்றாமல், செய்தித்தாளில் கொட்டி உலர்த்தி, மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, வீட்டு அபாயக் கழிவாகத் தனியே கொடுத்துவிடுங்கள்.

எல்லாம் எடுத்தபின் பாத்திரம் கழுவும் திரவத்தால் இரண்டு முறை கழுவி அலசுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் போர் தண்ணீர் வேண்டாம். அதன் உப்பு காய்ந்து வெண்புள்ளியாக நிற்கும், பெயிண்டுக்குக் கீழே அகப்பட்டால் கொப்புளமாகும். ஆல்கஹால் பயன்படுத்திய பாகத்தை ஒரு முழு நாளாவது நிழலில் காய வையுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலமானால் இரண்டு நாள். மூக்கருகே வைத்து முகர்ந்தால் வாசனை துளியும் இருக்கக் கூடாது. பிறகு கண்ணாடிக் கவருக்குப் பிளாஸ்டிக் பிரைமர் அடித்துப் பெயிண்ட் அடிக்கலாம். பம்பருக்கு எதையும் அடிக்காதீர்கள். கருப்பு பிளாஸ்டிக்குக்கென உள்ள டிரஸ்ஸிங்கை ஸ்பாஞ்சில் தொட்டுத் தேய்த்தால், அந்தத் தோல்போன்ற மேடுபள்ளங்கள் 1992இல் இருந்தபடியே தெரியும்.